வெளி டிஸ்க்குக்கு மணிக்கூடு கிடையாது

எங்கள் சங்கத்து ஆண்டு மலர்க்குழுச் செயலாளர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, கொம்பியூட்டருக்குள்ள என்னென்ன கிடக்கு, வெளியில கொழுவிற டிஸ்க் எண்டா என்ன, சனத்துக்கு விளங்கிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. இந்த மனிதர் பத்து வருடமாக என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பி நடப்பவர். விசாரித்துப் பார்த்தேன். எழுத ஒப்புக்கொண்டிருந்த பொறியியலாளர் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டாராம். அதை நேரே சொல்லியிருந்தால் என்ன, நான் கோபிப்பேனா? நிச்சயமாகக் கோபிப்பேன், ஆனாலும் எழுதியிருப்பேன்.

பாகங்களைச் சொல்வது பெரிய வித்தை இல்லை. பெட்டியைத் திறந்தால் முதலில் இருப்பது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி மற்றவர்களுக்கு அளந்து கொடுப்பது அது. பாதி பழுதானாலும் விசிறி சுற்றும், விளக்கு எரியும். ஆகவே அதை நம்பக் கூடாது. அடுத்தது மதர்போர்ட். எல்லாரும் குடியிருக்கும் பலகை. ராம் என்கிற நினைவுக் குச்சி மின்சாரம் உள்ளவரைதான் எதையும் ஞாபகம் வைத்திருக்கும். அது கெட்டால் பழி வேறு யார் மீதாவது விழும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் காப்பது ஹார்ட் டிஸ்க். சாகப் போகும்போது டக், டக் என்று சத்தம் போடும். வீட்டுக்காரர் அதை ஹீட்டர் சத்தம் என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார். அதே டிஸ்க்கை ஒரு சிறு பெட்டிக்குள் போட்டுக் கேபிளால் கொழுவினால் அது வெளி டிஸ்க்.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் மதர்போர்டின் மூலையில் ஐந்து சத நாணயக் குற்றியளவில் வட்டமாக ஒரு பற்றரி இருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கொம்பியூட்டர் திருத்தும் கடை வேலையை விட்டு நான் விலகிய நாளில் அங்கே வேலை செய்கிறவர்கள், "உங்களுக்குக் கஷ்டமாக இருந்த பழுது எது?" என்று கேட்டார்கள். அந்தப் பற்றரியைத்தான் காட்டினேன். பகிடி என்று சிரித்தார்கள். மலர்க்குழு மன்னிக்க வேண்டும், நான் எழுதப்போவது அந்தக் கதையைத்தான்.

நான் திருகோணமலைக்காரன். ஊரில் றேடியோ, டீவி திருத்தினேன். இங்கே மொன்ரியலுக்கு வந்து டவுன்டவுனில் சில வருடங்கள் கோப்பை கழுவினேன். பிறகு வளர்ந்தோர் பாடசாலையில் பிரெஞ்சும் எலெக்ட்ரோனிக்சும் படித்து, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு திருத்தும் கடையில் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. கடையின் பொறுப்பாளர் மதாம் லூசி. என்னைவிட எட்டு வயது இளையவர். முன்பு தொலைபேசி இணைப்பு நிலையத்தில் வேலை செய்தவர்.

மதாம் லூசி வாடிக்கையாளரின் கதையை இடைமறிக்காமல் கடைசிவரை கேட்பார். தலையாட்டுவார். முடிந்ததும், "மெர்சி. இனி நாங்கள் பார்க்கிறோம்" என்பார். நீ சொன்னதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். அவரை எனக்கு அன்றே பிடித்துவிட்டது. சந்தேகம் என் கூடப்பிறந்த குணம். கடைக்காரன் மிச்சக் காசு தந்தால் அவன் முன்னாலேயே எண்ணுவேன், கோயில் ஐயர் திருநீறு தந்தாலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பூசுவேன். இப்படி ஒரு குணத்துக்குச் சம்பளமும் கிடைக்கும் என்று அந்தக் கடையில்தான் அறிந்தேன்.

ஆனால் மதாமின் சந்தேகம் வேறு வகை. அதற்கு ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள், அதில் மூன்று பத்தி. முதலாவது, வாடிக்கையாளர் சொன்னது. இரண்டாவது, நாங்கள் கண்டது. மூன்றாவது, ஏன். முதல் பத்தியில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதில் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'ஏன்' என்ற பத்தியை இரண்டு மெஷினில் பார்க்காமல் யாரும் தொடக் கூடாது. சந்தேகமான பாகத்தைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் கடை மெஷினில் போட வேண்டும். கடை மெஷினின் நல்ல பாகத்தை வாடிக்கையாளரின் மெஷினில் போட வேண்டும். பழுது பாகத்தோடு கூடப் போனால்தான் பாகம் குற்றவாளி. பழுது பெட்டியிலேயே நின்றுவிட்டால் பாகத்திடம் மன்னிப்புக் கேட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. பெட்டியைக் கொழுவியதும், வேறெதையும் தொடுவதற்கு முன்னால், திரையில் தெரியும் நேரத்தையும் கடைச் சுவர் மணிக்கூட்டின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். "இது எதற்கு, மதாம்?" என்று கேட்டேன். "சின்ன விஷயத்தில் பொய் சொல்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்" என்றார். எனக்கு அது கொஞ்சம் அளவுக்கு மிஞ்சியதாகப்பட்டது.

முதல் மாதத்திலேயே ஒரு குட்டுப்பட்டேன். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி உயிரில்லாத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். முகர்ந்து பார்த்தே, பவர் சப்ளை போய்விட்டது என்று மூன்றாவது பத்தியில் எழுதி, புதியதை மாட்டி அனுப்பினேன். இரண்டு நாளில் அதே பெட்டி திரும்பி வந்தது. உண்மையில் பழுது அவளுடைய மின்கம்பியில். உள்ளே ஒரு நூல் அறுந்து, அசைத்தால் வரும், அசைத்தால் போகும். மதாம் ஏசவில்லை. நான் எழுதியதன் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். "ஒரு மெஷினில் பார்த்தது சாட்சி இல்லை" என்றார். அந்தக் கோடு ஏச்சைவிட உறைத்தது.

பிறகு பென் டிரைவ் கதை ஒன்று. எங்கள் ஆள் ஒருவர் பயணம் போன இடத்தில் மலிவு என்று ஒன்றை வாங்கி வந்து, மகளின் சாமத்தியவீட்டு, அதாவது பூப்புனித விழாப் படங்களை ஏற்றினார். மேலே இரண்டு கிகாபைட் என்று ஒட்டியிருந்தது. உள்ளே இருந்ததோ அதில் பதினாறில் ஒரு பங்கு. இடம் நிரம்பியதும் அது முறையிடவில்லை. பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை எழுதிக்கொண்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் ஒழுங்காகக் காட்டியது. பெயர் எல்லாம் இருக்கிறது, பிள்ளையைக் காணவில்லை. அன்றிலிருந்து லேபிளை நம்புவதை விட்டேன். ஆனால் ஒரு கோப்பின் பக்கத்தில் நிற்கும் திகதியையும் நேரத்தையும் வேதவாக்காக நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

இனிக் குலத்தின் கதைக்கு வருகிறேன். குலம் யாழ்ப்பாணத்தார், நகரத்தின் ஓரத்தில் ரொக்ஸ்பரோவில் வீடு. டவுன்டவுன் உணவகம் ஒன்றின் சமையலறையில் காலை வேலை. விடியமுன் போய்ப் பின்னேரம் மூன்றரைக்கு வீடு திரும்புவார். மனைவி வாசுகிக்குக் கார்டெரியில், அதாவது குழந்தைகளைப் பகலில் பார்க்கும் நிலையத்தில் வேலை. வாசுகியின் தம்பி ரூபன் வந்து ஒன்றரை வருடம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு இவர்களோடு இருந்தான். அவனுக்கு வைத்தியசாலையில் துப்புரவு வேலை, பின்னேரம் மூன்றுக்குத் தொடங்கும். ஆகவே முற்பகலில் வீட்டில் அவன் மட்டும்தான்.

ஒரு தை மாதம் குலம் வெளி டிஸ்க் ஒன்றைச் சாப்பாட்டுப் பெட்டி போலத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"அண்ணை, இது திறக்குதில்லை. ஃபோர்மட் பண்ணட்டோ எண்டு கேக்குது. அப்பான்ர செத்தவீடு இதுக்குள்ளதான் கிடக்கு."

குலத்தின் தகப்பன் ஊரில் இறந்தபோது குலத்தால் போக முடியவில்லை. மூத்த மகன் இங்கே இருக்க, சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தார். அந்த வீடியோவை மூன்று சீடிகளில் கொண்டுவந்தவன் ரூபன். அவன் அந்தச் செத்தவீட்டில் நின்றவன். குலம் அவற்றை வெளி டிஸ்க்கில் ஏற்றினார். சீடிகளைப் பிள்ளைகள் விளையாடிக் கீறிவிட்டார்கள். மிஞ்சியது இந்த டிஸ்க் ஒன்றுதான்.

மதாமின் முறைப்படியே செய்தேன். நோயாளி டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது. முதலில் அதை ஒரு நல்ல டிஸ்க்குக்கு முழுவதுமாக, வெற்றிடம் உட்பட, பிரதி எடுக்க வேண்டும். பிரதியில்தான் தேட வேண்டும். பிரதி எடுக்க ஒன்றரை நாள் ஆனது. தேடியதில் வீடியோ மூன்று துண்டில் இரண்டு முழுதாகக் கிடைத்தன. மூன்றாவது, சுடலையில் எடுத்தது, பாதிக்கு மேல் வாசிக்க முடியாதபடி சிதைந்து கிடந்தது. அதை மீட்க முடியவில்லை.

குலம் வந்த பின்னேரம் மதாம் பல் வைத்தியரிடம் போயிருந்தார். கிடைத்ததைத் திரையில் போட்டுக் காட்டினேன். பந்தலும் பறையும் தெரிந்ததும் குலம் ஜாக்கெட் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுடலைப் பகுதி இல்லை என்று சொன்னேன். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"என்னெண்டு இப்பிடிப் பழுதாப் போனது?"

"டிஸ்க்கில ஏதோ ஏறிக்கொண்டு இருக்கேக்கை கரண்ட் நிண்டிருக்கு. ஆரோ பாதியில இழுத்திருக்கினம்."

"எப்ப?"

இந்த இடத்தில் நான் 'தெரியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது, அதுதான் என் வியாதி. கடைசியாகப் பாதியில் அறுந்து கிடந்தது கமராப் படங்கள் கொண்ட ஒரு கோப்புறை. அதன் நேரத்தைப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமை முற்பகல், பதினொண்டு இருபது."

குலத்தின் முகம் மாறியது. "அந்த நேரம் வீட்டில அவன் மட்டும்தான். ரூபன். தொடாதை எண்டு சொன்னனான் அண்ணை, போன கிழமைதான் சொன்னனான். வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ."

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். "கொம்பியூட்டர் சும்மா எழுதாது, குலம்" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு திருட்டைப் பிடித்த பொலிஸ்காரனின் சந்தோஷம். வேலைத் தாளில் இந்தக் கதை எதையும் எழுதவில்லை. 'மூன்றில் இரண்டு மீட்கப்பட்டது' என்று எழுதி, மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டு, கோப்பில் போட்டேன்.

மூன்று கிழமை கழிந்தது. ஒரு காலை கடைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். குழந்தையின் தள்ளுவண்டியில் குழந்தைக்குப் பதிலாகக் கொம்பியூட்டர் பெட்டி, அதே பட்டியால் கட்டப்பட்டு இருந்தது. ரொக்ஸ்பரோவிலிருந்து ரெயிலிலும் பிறகு மெட்ரோவிலும் பனிக்குள் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். வாசுகி. அதற்கு முன் அவரை நான் கண்டதில்லை.

கார்டெரியில் வேலை செய்வதால் வாசுகிக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். மதாமிடம் நேரே சொன்னார். மதாம் தலையாட்டி முதல் பத்தியில் எழுதினார். மணிக்கூடு இலையுதிர் காலத்திலிருந்து பிந்துகிறது. ஞாயிறு பின்னேரம் பிள்ளைகள் திருத்தி வைப்பார்கள். செவ்வாய்க்குள் அரை நாள் அளவு பின்னுக்கு நிற்கும். நான் பக்கத்து மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாய் என்ற சொல் கேட்டதும் என் கையிலிருந்த திருகாணியை மேசையில் வைத்துவிட்டேன்.

மதாம் உள்ளே போனதும் வாசுகி என் மேசைக்கு வந்தார்.

"நீங்கள்தானே அண்ணை டிஸ்க் பார்த்தது?"

"ஓம்."

"அந்தப் படங்கள் நான் ஏத்தினது. செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு குடுத்திட்டு, பிள்ளையளின்ர பொங்கல் படத்தைக் கமராவில இருந்து டிஸ்க்குக்கு ஏறவிட்டிட்டுக் குசினிக்குப் போனனான். தம்பி அப்ப வேலையில. இதை இவரிட்ட அண்டைக்கே சொன்னன். தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்றன் எண்டார். கொம்பியூட்டர் சும்மா எழுதாது எண்டு கடையில சொன்னவையாம்."

நான் திருகாணியை எடுத்து டப்பாவில் போட்டேன்.

"அண்டைக்கு முழுக்க ஒரே சண்டை. தம்பியை இறங்கச் சொல்லிப்போட்டார். இப்ப இங்க ஒரு அறையில நாலு பேரோட கிடக்கிறான். வாற மாசம் அவன்ர விசாரணை அண்ணை. இவர் ஊரில இருக்கேக்கை அவனுக்கு நடந்ததைப் பக்கத்து வீட்டில இருந்து கண்ட ஆள் இவர் ஒருத்தர்தான் இஞ்ச இருக்கிறார். நான் அக்கா, நான் சொன்னா அவ்வளவு எடுபடாது எண்டு லோயர் சொல்றார். இவர் வரமாட்டன் எண்டு நிக்கிறார். கள்ளனுக்குச் சாட்சி சொல்ல மாட்டாராம்."

என் குற்றம் எனக்கு விளங்கத் தொடங்கியது. ஆனால் மனிதன் உடனே வழிக்கு வருவானா? "தங்கச்சி, நான் என்ர வாயால ஒண்டும் சொல்லேல்லை. டிஸ்க்கில எழுதியிருந்த நேரத்தைத்தான் வாசிச்சனான்" என்றேன்.

வாசுகி என்னைப் பார்த்தார். "டிஸ்க்குக்குள்ள மணிக்கூடு இருக்கோ, அண்ணை?"

இல்லை. வெளி டிஸ்க்குக்கு மணிக்கூடு கிடையாது. அதைக் கொழுவியிருக்கும் கொம்பியூட்டர் எந்த நேரத்தைச் சொல்கிறதோ அதையே அது வாங்கி எழுதிக்கொள்ளும். எத்தனையோ பேருக்கு நானே விளங்கப்படுத்திய விஷயம் இது. அன்று குலம் கொண்டுவந்தது டிஸ்க்கை மட்டும். அதை எழுதிய பெட்டி கடைக்கு வரவே இல்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று படித்து வளர்ந்த நான், கண்ணால் கண்டதோடு நிறுத்திவிட்டேன்.

மதாமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார்.

"எத்தனை மெஷினில் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்?"

"ஒன்றில்கூட இல்லை, மதாம்."

"சரி. இப்போது பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான். வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

வாசுகியிடம் மதாம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரவில் இந்தப் பெட்டியை என்ன செய்வீர்கள்? வாசுகி சொன்ன பதிலை மதாமால் நம்ப முடியவில்லை, எனக்கோ ஆச்சரியமே இல்லை. குலம் ஒவ்வொரு நாளும் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப் போகுமுன் வீட்டைச் சுற்றி வந்து எல்லாப் பிளக்கையும் கழற்றுவார். டீவி, றேடியோ, கொம்பியூட்டர், ரோஸ்டர். மறுநாள் வேலையால் வந்த பிறகுதான் திரும்பக் கொழுவுவார். ஊரில் இடி மின்னலுக்கும் ஏறி இறங்கும் கரண்டுக்கும் பயந்து சுவரில் சுவிட்சை நிறுத்திவிட்டுப் படுத்த பழக்கம். மொன்ரியலில் சுவரில் சுவிட்ச் இல்லை, ஆகவே பிளக்கையே இழுக்கிறோம். என் வீட்டிலும் அப்படித்தான். எங்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான்.

அதில் உள்ள விஷயம் இதுதான். கொம்பியூட்டரை நிறுத்தினாலும் பிளக் சுவரில் இருக்கும்வரை மதர்போர்டுக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் வந்துகொண்டிருக்கும், மணிக்கூடு அதில் ஓடும். பிளக்கை இழுத்தால் மணிக்கூட்டை ஓட்டுவது அந்த நாணயப் பற்றரி. சும்மா இருக்க வேண்டிய பற்றரியைத் தினமும் இரவும் பகலும் உழைக்கவிட்டால் அது வேளைக்கே களைத்துப்போகும். களைத்த பற்றரி மணிக்கூட்டை ஒரேயடியாக நிறுத்தாது, பிந்தவிடும். நேரம் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும், ஆனால் பிழையாக இருக்கும்.

மீட்டரை வைத்தேன். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய பற்றரியில் இரண்டரைகூட இல்லை. இது போதாது என்றார் மதாம். பழைய பற்றரியோடு சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைச் சரி செய்தோம். கடை பூட்டும்போது ஆறு மணிக்குப் பிளக்கை இழுத்து, மறுநாள் மதியம் கொழுவினோம். குலம் கழற்றி வைப்பதும் ஏறக்குறைய அதே பதினெட்டு மணித்தியாலம்தான். ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிந்தியிருந்தது. இரண்டாம் நாளும் அதேயளவு. பிறகு அந்தப் பெட்டியில் புதிய பற்றரி போட்டோம். ஒரு நிமிடமும் பிந்தவில்லை. பழைய பற்றரியைக் கடை மெஷினில் போட்டோம். கடை மெஷின் பிந்தியது. பாகத்தோடு பழுதும் கூடப் போனது.

ஞாயிறு திருத்திய மணிக்கூடு, இரண்டு இரவு தாண்டினால், ஒன்பதரை மணித்தியாலம் அளவில் பிந்தும். பதினொன்று இருபதோடு ஒன்பதரையைக் கூட்டினேன். இரவு எட்டு ஐம்பது. மதாம் என்னை அப்படி எழுதவிடவில்லை. "நிமிடத்தை எங்களுக்குத் தெரியாது. எட்டுக்கும் ஒன்பதரைக்கும் இடையில் என்று எழுதுங்கள்" என்றார். எழுதினேன். குலம் பிளக் இழுக்க வீட்டைச் சுற்றி வரும் நேரம். வாசுகியின் படங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது டிஸ்க்கின் கரண்டை இழுத்தது குலத்தின் சொந்தக் கை.

வாசுகி கொண்டுவந்த பெட்டியின் தாளில் மதாம் மூன்றாவது பத்தியைத் தன் கையால் நிரப்பி, கடை முத்திரை குத்தி, என்னிடமே தந்தார். "நீங்கள்தான் சொன்னீர்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கள்." பழைய பற்றரியை அந்தப் பெட்டியில் திரும்பப் போட்டுத் தரும்படி கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

சனிக்கிழமை நானும் வாசுகியும் தள்ளுவண்டியோடு ரொக்ஸ்பரோ ரெயிலில் போனோம். குலம் கதவைத் திறந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். நான் தாளைக் கொடுத்து, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன்.

"வாசுகி உங்களிட்ட வந்து அழுதவளோ?" என்றார்.

"இல்லை. ஒரு கேள்வி கேட்டவ."

"பிரெஞ்சில ஆரும் என்னவும் எழுதலாம் அண்ணை. அண்டைக்கு ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை. நான் எதை நம்புறது?"

நியாயமான கேள்விதான். அன்று நான் சொன்னதை ஒரு நொடியில் நம்பிய மனிதன், இன்று நான் நாலு நாள் சோதித்ததை நம்பவில்லை. கோபத்துக்குத் தோதாக இருப்பதை மனிதன் சோதிப்பதில்லை.

"உங்கட கையில கட்டியிருக்கிற மணிக்கூட்டை நம்புவியளோ?"

"இது நான் வாங்கினது. நம்புவன்."

"அப்ப அதைப் பார்த்து நீங்களே நேரத்தைச் சரி பண்ணுங்கோ. இண்டைக்கும் வழக்கம்போல ஒன்பதுக்குக் கழட்டுங்கோ. நாளைக்கு மூண்டரைக்குக் கொழுவிப் பாருங்கோ. ஒருத்தரையும் கிட்ட விடாதேங்கோ. என்னையும்தான்."

குலம் சரி செய்தார். பிறகு உள்ளே போய் ஒட்டுநாடா எடுத்து வந்து, பெட்டியின் மூடியைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் பேனையால் கையெழுத்துப் போட்டார். வாசுகி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிய மனைவியின் கண் முன்னால் ஒட்டுநாடாவில் கையெழுத்துப் போடும் ஒரு மனிதனை நான் அன்றுதான் கண்டேன். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்தச் சந்தேகத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தது நானல்லவா.

திங்கட்கிழமை பின்னேரம் குலம் கடைக்கு வந்தார். வேலை உடுப்போடு, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் என் மேசை முன்னால் நின்றார்.

"நாலேமுக்கால் மணித்தியாலம்" என்றார்.

நான் கதிரையைக் காட்டினேன். இருந்தார். "நாடா அப்பிடியே கிடந்தது" என்றார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நான்தான் அண்ணை. என்ர அப்பான்ர கொள்ளியை நானே அழிச்சுப்போட்டன். அதுக்கு அந்தப் பெடியனை..."

மதாம் உள்ளேயிருந்து ஒரு கோப்பை கோப்பி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார். மூன்று வரிசைக் கதிரையில் காத்திருந்த வாடிக்கையாளருக்கு யாரும் எதுவும் விளங்கப்படுத்தவில்லை.

குலம் விசாரணைக்குப் போனார், சாட்சி சொன்னார். சில மாதத்தில் ரூபனுக்கு நல்ல முடிவு வந்தது. விசாரணை நடந்த அன்று மூவரும் காரில் திரும்பும்போது, குலம் வழியில் காரை நிறுத்தி, சுடலையில் நடந்ததைச் சொல்லு என்று ரூபனைக் கேட்டாராம். டிஸ்க்கில் இல்லாத பகுதியை மொன்ரியலில் கண்ணால் கண்டவன் அவன் ஒருவன்தான். அவன் முதலிலிருந்து கடைசிவரை சொன்னானாம். குலம் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுததை வாசுகிதான் எனக்குச் சொன்னார். ஆனால் ரூபன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கோட்-டெ-நெய்ஜ் அறையிலேயே இருந்துவிட்டான்.

அடுத்த கோடையில் ஒரு நாள் கடைக்கு ஒரு மெலிந்த பெடியன் வந்து, வெளி டிஸ்க் ஒன்று வேண்டும் என்றான். நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பெயரைக் கேட்டு ரசீது எழுதும்போதுதான் யாரென்று விளங்கியது. பேனையைக் கீழே வைத்து, "தம்பி, அண்டைக்கு உங்கட அத்தான்ர டிஸ்க்கைப் பார்த்தது நான்தான், என்னை மன்னிக்க வேணும்" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "அத்தான் சொன்னது எனக்கு விளங்குது அண்ணை. அவருக்குத் தகப்பன்ர துக்கம், என்னோட கோவம். உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை. பிறகு நீங்கள் ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னீங்கள்?"

நான் பேனையை எடுத்து ரசீதை எழுதி முடித்து நீட்டினேன். அவன் அதை வாங்கிக்கொண்டு, "சரி அண்ணை, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடையை விட்டு வந்தபோது மதாமிடம் ஒரேயொரு பொருளைக் கேட்டு வாங்கினேன். குலம் முதல் தடவை டிஸ்க்கோடு வந்த அன்றைய வேலைத் தாள். முதல் பத்தி நிரம்பியிருக்கிறது, இரண்டாவதும் நிரம்பியிருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அதை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்து பார்த்தேன். 'ஏன்' என்ற மூன்றாவது பத்தியில் எழுத எனக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.